சுவிஸ் எஞ்சினும் லண்டன் தண்டவாளமும்: மாதிரி ரயில் மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் எனக்குத் தெரிந்த வீடுகளில் மாதிரி ரயில் கடையிலிருந்து வந்ததில்லை, சொந்தக்காரரின் சூட்கேசில்தான் வந்தது. ஜேர்மனியிலும் சுவிசிலும் இருப்பவர்கள் மேர்க்லின் கம்பனியின் ரயில் கொண்டுவருவார்கள். லண்டன்காரர் ஹோர்ன்பி, கனடாக்காரர் பக்மன். எல்லாம் ஒரே மேசைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும்: ஒன்று ஓடும், ஒன்று அசையாது, இன்னொன்றை வைத்ததும் எல்லாமே நின்றுவிடும்.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மருதானையிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். இலகுவானவை முதலில், தலையைப் பிய்க்க வைப்பவை பின்னால்.

சுவிஸ் மாமா தந்த எஞ்சினும் லண்டன் சித்தி தந்த எஞ்சினும் தண்டவாளத்தில அளவாத்தான் நிக்குது. பிறகு ஏன் ஓடுதில்லை?

அளவில் பிழை இல்லை. இரண்டு முறையிலும் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மி.மீ. தான். கரண்ட் எந்த வழியால் ஏறி எந்த வழியால் திரும்புகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஹோர்ன்பியில் ஒரு தண்டவாளத்தால் ஏறி மற்றத் தண்டவாளத்தால் திரும்பும். அதனால் இடப்பக்கச் சில்லும் வலப்பக்கச் சில்லும் மின்னால் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் பிளாஸ்டிக் காப்பு இருக்கும். மேர்க்லினில் இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஒரே திரும்பும் வழி. ஏறும் வழி, நடுவில் சிலிப்பர் கட்டைகளில் தெரியும் சின்ன உலோகப் புள்ளிகள். எஞ்சினின் அடியில் உள்ள நீளமான தகடு அவற்றைத் தடவிக்கொண்டு போகும். அந்தத் தகட்டை இனி ஸ்லைடர் என்கிறேன். இந்த முறையில் சில்லுக்குக் காப்பு தேவையில்லை என்பதால் பழைய எஞ்சின்களில் சில்லும் அச்சும் முழு உலோகம்.

ஆகவே மேர்க்லின் எஞ்சினை ஹோர்ன்பி தண்டவாளத்தில் வைத்த கணமே அதன் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து ஷோர்ட் ஆக்கிவிடும். ஹோர்ன்பியை மேர்க்லினில் வைத்தால் ஷோர்ட் இல்லை. நடுப்புள்ளியைத் தொட அதனிடம் ஒன்றும் இல்லாததால் சும்மா நிற்கும்.

பெட்டி இல்லை, கடதாசியும் இல்லை. என்னட்ட இருக்கிறது எந்த வகை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கவிழ்த்துப் பாருங்கள். சில்லுகளுக்கு நடுவே நீளமான தகடு தொங்கினால் அது நடுப்புள்ளி வகை. தகடு இல்லாவிட்டால் இரண்டு தண்டவாள வகை. மல்டிமீட்டர் இருந்தால் பீப் நிலையில் வைத்து இடச் சில்லையும் வலச் சில்லையும் தொடுங்கள். பீப் அடித்தால் சில்லில் காப்பு இல்லை. ஐரோப்பியக் கம்பனிகள் பல ஒரே எஞ்சினை இரண்டு வகையிலும் விற்கின்றன என்பதால் மேலே எழுதியிருக்கும் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெட்டி கிடைத்தால் அதில் அலைக்கோடு ஏசி, அதாவது நடுப்புள்ளி வகை; இரட்டைக் கோடு டிசி, அதாவது இரண்டு தண்டவாள வகை.

லண்டன் எஞ்சினுக்குப் பக்கத்தில ஜேர்மன் பெட்டிகள் குட்டியாத் தெரியுது. அதையும் மாத்தலாமோ?

அது மாற்றும் விஷயமில்லை. பிரித்தானிய மாதிரிகளின் அளவான ஓஓ அசலின் 76இல் ஒரு பங்கு (1:76), ஐரோப்பிய அளவான எச்ஓ 87இல் ஒரு பங்கு (1:87). ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வித்தியாசம். தண்டவாளம் ஒன்று, உடம்பு இரண்டு அளவு. கண்ணுக்கு உறுத்தினால் கலக்காமல் ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நாநா, மேர்க்லின் ட்ரான்ஸ்போமரயே வெச்சி ஹோர்ன்பி எஞ்சின ஓட்டினா என்ன ஆகும்?

எரியும். கூடாது. பழைய மேர்க்லின் ட்ரான்ஸ்போமர் தருவது 16 வோல்ட் வரையான ஏசி. நிலையான காந்தம் வைத்த டிசி மோட்டருக்கு, 50 ஹேர்ட்ஸ் ஏசியில் ஒரு செக்கனுக்கு நூறு தடவை திசை மாறச் சொல்லிக் கட்டளை வரும். அது எந்தப் பக்கமும் சுற்றாமல் இரைந்து நடுங்கிச் சூடாகும். சுற்று எரியும் மணம் வந்த பிறகு இழுத்துப் பயனில்லை.

எதிர்ப்பக்கம் அவ்வளவு மோசமில்லை. பழைய மேர்க்லின் மோட்டரில் காந்தத்துக்குப் பதிலாக ஃபீல்ட் கொயில் இருக்கிறது. கொயிலிலும், நடுவில் சுற்றும் பகுதியான ஆமேச்சரிலும் கரண்ட் ஒரே நேரத்தில் திசை மாறுவதால் சுற்றும் பக்கம் மாறாது. அதனால்தான் அது ஏசியில் ஓடுகிறது, டிசியிலும் ஓடும். ஆனால் டிசி கொன்ட்ரோலரைத் திருப்பினால் அது பின்னால் போகாது. அதன் திசையை மாற்றுவது 24 வோல்ட் உதை ஒன்றுதான். ட்ரான்ஸ்போமர் குமிழைப் பூச்சியத்துக்கும் கீழே திருப்பும்போது உள்ளே ஒரு ரிலே டக்கென்று மாறும்.

சரி, மேர்க்லின் எஞ்சினை ரெண்டு தண்டவாளத்துக்கு மாத்த என்னென்ன செய்ய வேணும்?

மூன்று வேலை: சில்லு, கரண்ட் எடுக்கும் வழி, மோட்டர். பலர் மோட்டரில் தொடங்குகிறார்கள். சில்லில் தொடங்குங்கள். காப்புள்ள சில்லு கிடைக்காவிட்டால் மற்ற இரண்டும் வீண் வேலை.

எல்லா அச்சும் மாற வேண்டும். ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் காப்பு இருந்தாலும் போதும். காப்பில்லாத பக்கம் உலோகச் சட்டகம் வழியாகவே கரண்ட் எடுக்கும், காப்புள்ள பக்கத்துக்கு மெல்லிய பொஸ்பர் வெண்கலக் கம்பியால் சில்லின் பின்புறத்தைத் தடவும்படி ஒரு கை வைக்க வேண்டும். அந்தக் கை சட்டகத்தில் எங்கும் முட்டாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகட்டில் நிற்க வேண்டும். ரப்பர் வளையம் போட்ட சில்லு கரண்ட் எடுக்காது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கம்பியை இறுக்கி வைத்தால் அது பிரேக். தளர்த்தி வைத்தால் பாதை பிரியும் இடமான பொயிண்டில் எஞ்சின் நின்றுவிடும். இந்த ஒரு கம்பியைச் சரிக்கட்டுவதில்தான் பொறுமை எல்லாம் போகும்.

அடுத்தது இடைவெளி. மேர்க்லின் சில்லுகளின் உட்பக்க இடைவெளி சுமார் 14 மி.மீ., இரண்டு தண்டவாள நியமம் சுமார் 14.4. கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் பொயிண்டில் அந்த 0.4 தான் எஞ்சினை ஏற்றிக் கவிழ்க்கிறது. சில்லின் விளிம்பும் பழைய எஞ்சின்களில் ஆழமானது. உயரம் குறைந்த கோட் 75 தண்டவாளத்தில் அது ஆணித்தலைகளில் தட்டித் தட்டிப் போகும். பழைய சில்லோடு சமாளிப்பவர்கள் உயரம் கூடிய கோட் 100 தண்டவாளம் வையுங்கள்.

ஸ்லைடரைக் கழற்றுங்கள், எறிய வேண்டாம். ஏன் என்பது கீழே வரும்.

சில்லு கிடைக்கேல்லை. லேத் பட்டறையில குடுத்து வெட்டி பிளாஸ்டிக் போடலாமோ?

டீசல், மின்சார எஞ்சின் என்றால் முயலலாம். பட்டறைக்காரருக்கு இவ்வளவு சின்ன வேலையில் கை பழகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு மயிரளவு விலகினாலும் எஞ்சின் நொண்டி நொண்டிப் போகும். நீராவி எஞ்சினை நான் கொடுக்கமாட்டேன். அதில் இடச் சில்லின் தண்டுமுனையும் வலச் சில்லின் தண்டுமுனையும் 90 பாகை விலகி நிற்க வேண்டும், எல்லா அச்சிலும் ஒரே மாதிரி. கழற்றிப் பூட்டும்போது ஒன்று சறுக்கினால் இணைப்புத் தண்டு இறுகி எஞ்சின் சுற்றவே சுற்றாது.

இதைவிட இலகுவான ஒரு வழியைப் பலர் யோசிப்பதில்லை. 1997இல் ட்ரிக்ஸ் என்ற மாதிரி ரயில் கம்பனி மேர்க்லினிடம் போனது. அதன் பிறகு வந்த பல எஞ்சின்கள் ஒரே உடம்போடு, மேர்க்லின் பெயரில் நடுப்புள்ளிக்கும் ட்ரிக்ஸ் பெயரில் இரண்டு தண்டவாளத்துக்கும் வெளிவந்திருக்கின்றன. அதற்கு முந்திய காலத்தில் மேர்க்லினே ஹாமோ என்ற பெயரில் இரண்டு தண்டவாள வகை விற்றது. உங்கள் எஞ்சினுக்கு அப்படி ஒரு சோடி இருந்தால் அதன் சில்லு அப்படியே பொருந்தும். ஜேர்மனியில் இருக்கும் மச்சானிடம் எஞ்சினின் இலக்கத்தைச் சொல்லி, உதிரிப்பாகப் பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள். சில்லு ஒரு கடித உறையில் வரக்கூடிய சாமான்.

மோட்டருக்குக் காந்தம் போட வேணும் எண்டினம், சிலர் ரெண்டு டயோட் போதும் எண்டினம். எது சரி?

இரண்டும் சரி, பலன் வேறு. பழைய மேர்க்லின் மோட்டரில் ஃபீல்ட் கொயில் இரண்டு சுற்றாக இருக்கிறது, ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. எதை இயக்குவது என்று ரிலே தீர்மானிக்கிறது. ரிலேயைக் கழற்றிவிட்டு இரண்டு கொயிலுக்கும் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு டயோட் வைத்தால், டிசி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தக் கொயில் மட்டும் வேலை செய்யும். கொன்ட்ரோலரைத் திருப்பினால் எஞ்சின் திரும்பும். 1என்4007 டயோட் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறைக் காசு. ஆனால் மோட்டர் பழையபடியே கரண்ட் குடிக்கும், மெதுவாக ஊர்ந்து போகாது.

காந்தம் போட்டால் மோட்டர் உண்மையான டிசி மோட்டராகிவிடும். குறைந்த கரண்ட், மெதுவான ஓட்டம், டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டரை இயக்கும் சின்னச் சுற்றுப்பலகையான டிகோடரும் பூட்டலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மேர்க்லின் ஆமேச்சர் மூன்று வகை. பெரிய தட்டு, சிறிய தட்டு, உருளை. மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் உரசும் செம்புப் பகுதியைப் பார்த்தால் தெரியும். காந்தம் அதற்கேற்ற அளவில் வர வேண்டும். டிஜிட்டலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் காந்தம், இல்லாவிட்டால் டயோட் போதும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு மறுவளம். வீட்டில மேர்க்லின் தண்டவாளம், எஞ்சின் ரெண்டு தண்டவாளத்துக்குரியது. இது இலகுவோ?

பொதுவாக இலகு. காப்புள்ள சில்லு இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. இடச் சில்லிலிருந்து வரும் வயரையும் வலச் சில்லிலிருந்து வரும் வயரையும் ஒன்றாக முறுக்கிப் பற்றாசு பிடியுங்கள், அது திரும்பும் வழி. அடியில் ஒரு ஸ்லைடர் பூட்டினால் ஏறும் வழி தயார்.

இடம்தான் பிரச்சினை. ஸ்லைடர் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம். பெரிய டீசலின் போகிக்கு (எஞ்சினின் அடியில் சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டத்துக்கு) அடியில் பூட்டலாம். சின்ன ஷண்டிங் எஞ்சினில் இடமே இராது. சட்டகம் உலோகமாக இருந்தால் இடையில் பிளாஸ்டிக் தகடு கட்டாயம். பொயிண்டுக்கு மேலே போகும்போது ஸ்லைடர் தண்டவாளத்தைத் தொடாமல் நடுப்புள்ளிகள் அதை உயர்த்திப் பிடிக்கும். நீங்கள் அதை வளைத்து அதிகம் கீழே இறக்கினால் பொயிண்டில் பொறி பறக்கும்.

மேலே சொன்ன 0.4 மி.மீ. இங்கேயும் வரும், இந்த முறை எதிர்ப்பக்கமாக. பிளாஸ்டிக் அடித்தளமுள்ள புதிய சி தண்டவாளத்தில் பெரும்பாலும் சமாளிக்கும். தகரத்தால் செய்த பழைய எம் தண்டவாளப் பொயிண்டில் சில்லு ஏறி விழலாம். அப்படியானால் சில்லை அச்சில் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும்.

மோட்டர் டிசி என்பதை மறக்க வேண்டாம். நேரே ஏசி கொடுத்தால் மேலே மேர்க்லின் ட்ரான்ஸ்போமர் கேள்விக்குச் சொன்ன பதில்தான்: எரியும். இடையில் டிகோடர் வேண்டும்.

டிகோடர் இல்லாமல் ஒண்டும் ஏலாதோ? டிஜிட்டல் கொன்ட்ரோலர் வாங்கக் காசில்லை.

டிஜிட்டல் கொன்ட்ரோலர் இல்லாமலும் டிகோடர் பயன்படும். பல முறைகளை விளங்கிக்கொள்ளும் டிகோடர்கள் இருக்கின்றன. பழைய ஏசி ட்ரான்ஸ்போமரில் வைத்தால் அதற்கேற்ப ஓடும், 24 வோல்ட் உதையையும் புரிந்துகொள்ளும். டிசியிலும் ஓடும், டிசிசி எனும் டிஜிட்டல் முறையிலும் ஓடும். வாங்கும்போது ‘ஏசி அனலொக்’ (டிஜிட்டல் அல்லாத பழைய ஏசி முறை) என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள், எல்லா டிகோடரும் அப்படி இல்லை.

டிஜிட்டல் உள்ளவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. மேர்க்லினின் டிஜிட்டல் கொன்ட்ரோலர்களான சென்ட்ரல் ஸ்டேஷன் 2, 3 இரண்டும் டிசிசி பேசும். இரண்டு தண்டவாள எஞ்சினில் ஏற்கெனவே டிசிசி டிகோடர் இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை. ஸ்லைடரும் வயரும் மட்டும்தான் வேலை.

வயர் நிறத்துக்கு நிறம் சரியாத்தான் குடுத்தன். புகை வந்திட்டுது. டிகோடர் பழுதோ?

டிகோடரில் பழுதிருக்க வாய்ப்புக் குறைவு. நிறத்துக்கு நிறம் கொடுத்ததுதான் காரணமாக இருக்கும். மேர்க்லின் நிறங்களும் டிசிசி நியம நிறங்களும் ஒரே வயர்களை வேறு வேலைக்கு வைத்திருக்கின்றன.

டிசிசி நியமத்தில் சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம். செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. மேர்க்லினில் சிவப்பு ஸ்லைடர், கபிலம் சில்லு. மோட்டருக்கு நீலமும் பச்சையும். சாம்பல் முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, செம்மஞ்சள் விளக்குகளின் பொது. இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே மோட்டருக்குப் போகும் சாம்பலும் செம்மஞ்சளும் இங்கே விளக்கு. அங்கே விளக்கின் பொதுவான நீலம் இங்கே மோட்டர். ஒத்துப்போவது ஏறக்குறைய மஞ்சள் மட்டும்தான்.

ஆகவே எஞ்சினிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் எங்கே போய்ச் சேருகிறது என்று மல்டிமீட்டரால் பிடித்து, நுனியில் கடதாசித் துண்டு ஒட்டிப் பெயர் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய லீமா, ஹோர்ன்பி போன்ற டிசி எஞ்சின்களில் ஒரு பிரஷ் சட்டகத்தைத் தொட்டபடியே இருக்கலாம். அனலொக்கில் அது பிழையில்லை. டிகோடர் போட்டால் முதல் கணமே அது போய்விடும். டிகோடர் பூட்ட முன்னர் இரண்டு பிரஷுக்கும் சட்டகத்துக்கும் இடையில் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் முதலில் அந்தத் தொடர்பை வெட்டுங்கள்.

எஞ்சின் தனியா நல்லா ஓடுது. பெட்டியைக் கொளுவினால் ஷோர்ட் ஆகுது.

பெட்டியின் சில்லை மாற்ற மறந்துவிட்டீர்கள். மேர்க்லின் பெட்டிகளும் வழக்கமாக முழு உலோகச் சில்லோடுதான் வரும். இரண்டு தண்டவாளத்தில் ஒவ்வொரு அச்சும் ஒரு ஷோர்ட். காப்புள்ள அச்சுகள் தனியாக விற்பனைக்கு உண்டு. அச்சின் முனையிலிருந்து முனை வரை நீளத்தை அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள், நீளம் கூடினால் பூட்டாது, குறைந்தால் பெட்டி ஆடும். உள்ளே விளக்குள்ள பெட்டியானால் ஸ்லைடரையும் பாருங்கள். எதிர்ப்பக்கம் மாற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இருபது பெட்டி வைத்திருப்பவர் எஞ்சினின் செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவார்.

எஞ்சினை விட்டிட்டு தண்டவாளத்தையே மாத்தினால் என்ன?

எம் தண்டவாளம் முழுத் தகரம், இரண்டு பக்கமும் ஒரே உலோகம். அதைப் பிரிக்க வழியில்லை. சி தண்டவாளத்தில் இடத்தையும் வலத்தையும் அடியில் இணைப்புகள் சேர்க்கின்றன. நேர்த் துண்டுகளில் அவற்றை வெட்டலாம், பொயிண்டுகளில் அது தலையிடி. அதே தோற்றத்தில் நடுப்புள்ளி இல்லாமல் ட்ரிக்ஸ் பெயரில் இரண்டு தண்டவாள சி வகை விற்கிறது. அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் அதையே வாங்குவது நல்லது.

பொதுவாக எதை மாற்றுவது என்று கேட்டால், எதில் அதிகம் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு குறைவானதை மாற்றுங்கள். அரைக்கு அரை இருந்தால் மாற்றவே வேண்டாம். மேசையில் இரண்டு வட்டம் தனித்தனியாகப் போடுங்கள்.

மாத்தின பிறகு ரெண்டு எஞ்சினையும் ஒரே பக்கம் பாக்க வைச்சால் ஒண்டு முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போகுது. அதோட வளைஞ்சு திரும்பி வாற பாதையில ஷோர்ட் அடிக்குது.

முதலாவது சின்ன விஷயம். இரண்டு தண்டவாள டிசியில், எஞ்சின் பார்க்கும் திசைக்கு வலத் தண்டவாளம் நேர்முனையாக இருந்தால் முன்னுக்குப் போக வேண்டும் என்பது நியமம். மாறிப் போனால் மோட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். டிகோடர் இருந்தால் சோல்டரிங் அயனை எடுக்கவே தேவையில்லை. டிகோடரின் அமைப்புகளில் ஒன்றான சிவி 29இல் உள்ள எண் இரட்டையாக இருந்தால் 1 கூட்டுங்கள், ஒற்றையாக இருந்தால் 1 கழியுங்கள்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். பாதை வளைந்து வந்து தன்னோடே சேரும்போது இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தில் போய் முட்டுகிறது. நடுப்புள்ளி முறையில் இரண்டும் ஒன்றே என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை பிறப்பதே இல்லை. மேர்க்லின் வரைபடத்தை அப்படியே வைத்துத் தண்டவாளம் மாற்றியவர்கள் எல்லாரும் இங்கே வந்துதான் நிற்பார்கள். வளைவுக்குள் முழு ரயிலும் அடங்கக்கூடிய ஒரு பகுதியை இரண்டு முனையிலும் காப்பிட்டுப் பிரித்து, டிசிசியில் தானாகத் திசை மாற்றும் மொடியூல் ஒன்று வையுங்கள். அனலொக் டிசியில் அதற்கென ஒரு சுவிட்ச் தேவை. அல்லது அந்த வளைவையே விட்டுவிடுங்கள்.

ஜேர்மனியில இருந்து வந்த பழைய நீல ட்ரான்ஸ்போமரை எங்கட கரண்டில குத்தலாமோ? தங்கச்சி கனடாவில இருந்தும் ஒண்டு கொண்டு வந்தவ.

கனடாவில் இருந்து வந்ததை நேரே குத்தவே வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குரியது, நம்முடையது 230. அதை ஒதுக்கிவிட்டு இங்கேயே ஒரு 12 வோல்ட் டிசி சப்ளையும் வேகக் கொன்ட்ரோலரும் எடுங்கள்.

பழைய ஜேர்மன் ட்ரான்ஸ்போமர் 220 வோல்ட்டுக்குச் செய்தது. 230இல் அது எரியாது, ஆனால் வெளியே வரும் வோல்ட்டும் அதற்கேற்ப ஏறும். 24 ஆக இருக்க வேண்டிய உதை அதற்கும் மேலே போகும். ரிலே உள்ள பழைய எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். டிகோடர் போட்ட எஞ்சின் அந்த உதையிலேயே செத்துப்போகலாம். டிகோடர் போட்டால் பழைய ட்ரான்ஸ்போமருக்கு ஓய்வு கொடுங்கள். வயரின் மேலுறை வெடித்திருந்தால் எந்த எஞ்சினுக்கும் அது வேண்டாம்.

இன்னொன்றைப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு ட்ரான்ஸ்போமரை ஒரே தண்டவாளத்தில் கொடுக்க வேண்டாம். ஒன்றின் பிளக்கைக் கழற்றினாலும் மற்றது தண்டவாளம் வழியாக அதற்குள் கரண்டைத் தள்ளும். அது தலைகீழாக வேலை செய்து, உங்கள் கையில் இருக்கும் பிளக்கின் முனையில் 230 வோல்ட் நிற்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு. தண்டவாளம் கறள் பிடிக்குது. மாத்தினால் அது நிக்குமோ?

எம் தண்டவாளம் தகரம் என்பதால் உப்புக் காற்றில் கறள் பிடிக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் கறள் பிடிக்காது, மங்கும். ஐசோபுரொபைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மண்கடதாசி போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

அப்பப்பாட ஹோர்ன்பி டப்லோ ஒண்டு இருக்கு. அதுவும் மூண்டு தண்டவாளம்தானே, மேர்க்லினில ஓடுமோ? இல்லாட்டி ரெண்டு தண்டவாளத்துக்கு மாத்தட்டோ?

டப்லோ 1938இல் வந்தபோது மூன்று தண்டவாளம், 1959இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. ஆனால் அது ஏசி இல்லை, 12 வோல்ட் டிசி. மேர்க்லின் ட்ரான்ஸ்போமருக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். நடுவில் அதற்குத் தேவை முழு நீளத் தண்டவாளம், புள்ளிகள் இல்லை. அதன் கரண்ட் எடுக்கும் தகடு சின்னது என்பதால் புள்ளிக்குப் புள்ளி இடையில் பிடி விடும்.

மாற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து எஞ்சின் வந்தபடியே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒரு வட்டம் பழைய மூன்று தண்டவாளத்தைத் தேடிப் போட்டு அப்படியே ஓட்டுங்கள். மற்ற எஞ்சின்களிலும் கழற்றிய ஸ்லைடர், ரிலே, பழைய சில்லு எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு எஞ்சினின் இலக்கத்தை எழுதி வையுங்கள் என்பது இதனால்தான். விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எங்கட எம்2 எஞ்சினைச் செய்ய ஆசை. ஒரு ஜேர்மன் எஞ்சினின்ட சட்டகத்தை எடுத்து மேல உடம்பு வைக்கலாமோ? களனிவெளிக் கோச்சியும் செய்யலாமோ?

எம்2 கனடாவிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் வரத் தொடங்கிய ஜெனரல் மோட்டர்ஸ் டீசல். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 1:87இல் சுருக்கினால் 19.3 மி.மீ. வரும், 1:76இல் 22 மி.மீ. ஆக 16.5 மி.மீ. தண்டவாளத்தில் வைக்கும் எந்த இலங்கை எஞ்சினும் கால் ஒடுங்கித்தான் நிற்கும். தண்டவாள அகலத்தையே உண்மை என்று எடுத்தால் அளவு ஏறக்குறைய 1:102 ஆகிவிடும், அந்த அளவில் வேறு எதுவும் வாங்க முடியாது. 1:87இல் உடம்பைச் செய்து, ஒடுங்கிய காலைப் பொறுத்துக்கொள்வதுதான் நடைமுறை. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது.

சட்டகம் தேடும்போது சில்லுகளின் இடைவெளியையும் போகிகளின் இடைவெளியையும் அளந்து தேடுங்கள், எந்த நாட்டு எஞ்சின் என்பது முக்கியமில்லை. முதலிலேயே இரண்டு தண்டவாளச் சட்டகமாக எடுத்தால் இந்தப் பக்கத்தின் முக்கால்வாசித் தலையிடி உங்களுக்கு இல்லை.

களனிவெளிக்கு அதிர்ஷ்டம் உண்டு. 1990களில் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை அது 762 மி.மீ. ஒடுங்கிய பாதை. 1:87இல் 8.8 மி.மீ., எச்ஓவை விடச் சின்னதான ‘என்’ (N) அளவு ரயில்களின் 9 மி.மீ. தண்டவாளத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ‘என்’ அளவுச் சட்டகம் ஒன்றின் மேல் எச்ஓ உடம்பு வைக்கலாம். அந்த அகலத்தில் மேர்க்லின் நடுப்புள்ளித் தண்டவாளம் கிடையாது, ஸ்லைடருக்கு அடியில் இடமும் இல்லை. ஆகவே வீட்டில் மற்றதெல்லாம் மேர்க்லினாக இருந்தாலும் களனிவெளிப் பாதையைத் தனி டிசி கொன்ட்ரோலரோடு இரண்டு தண்டவாளமாகவே போடுங்கள். இரண்டு பாதையும் பக்கத்துப் பக்கத்து மேடையில் வந்து நிற்கலாம், வயர் மட்டும் எங்கும் சேரக்கூடாது.